பப்பா, ஆப்பா, வப்பு

தல்ஹாவுக்கு இரண்டு வயது. இருப்பது ஒரே ஒரு வாப்பாதான். ஆனால் அவரைக் கூப்பிட அவனிடம் மூன்று சொற்கள் இருந்தன. ஒரு நேரம் ‘பப்பா’ என்பான். ஒரு நேரம் ‘ஆப்பா’. தூக்கம் சொக்கினால் ‘வப்பு’. எது எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது.

அவனுடைய லாத்தா யுஸ்ராவுக்கு இது பிடிக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு படிக்கும் அக்காள் அவள். சொல்வதெழுதுதலில் ஒரு பிழை வந்தாலும் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். உம்மாவிடம் போய் முறையிட்டாள். சின்னப் பிள்ளையின் நாக்கு நாலு பக்கமும் சுற்றிவிட்டுத்தான் வழிக்கு வரும், நீயும் அப்படிச் சுற்றியவள்தான் என்று உம்மா சொன்னார். யுஸ்ரா அதை நம்பவில்லை.

காயல்பட்டினத்தில் பல வீட்டு வாப்பாக்களைப் போல இவர்களுடைய வாப்பாவும் அரபு நாட்டில்தான் இருந்தார். தல்ஹா தொட்டிலில் கிடந்தபோது தம்மாமுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வீடியோவில் கூப்பிடுவார். போன வெள்ளிக்கிழமை தல்ஹா “பப்பா” என்றதும் வாப்பா சிரித்தார். அவருடைய அறையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். யுஸ்ராவுக்குக் காது சூடாகிவிட்டது. நாலு பேர் முன்னால் வாப்பாவுக்கு வெட்கமாகப் போயிருக்கும் என்று நினைத்தாள். அடுத்த வெள்ளிக்குள் தம்பியைத் திருத்திவிட வேண்டும்.

முக்குக் கடையில் சூடாக ஒரு வாடா வாங்கி வந்தாள். அரிசிமாவுக்குள் இறால் வைத்துப் பொரித்தது. தல்ஹாவுக்கு அதென்றால் உயிர்.

“வாப்பான்னு சொல்லு. வாடா தாரேன்.”

“பப்பா.”

“தப்பு.”

“ஆப்பா.”

“தப்பு.”

சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பதுபோல அவன் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். யுஸ்ரா கொடுக்கவில்லை. அப்போதுதான் புத்தி வரும் என்று, அவன் பார்க்கப் பார்க்க வாடாவைத் தானே தின்று முடித்தாள்.

தல்ஹா அழவில்லை. வாயை மூடிக்கொண்டான். அவ்வளவுதான்.

மறுநாள் தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் காட்டினான். பூனை வந்தால் விரலை நீட்டினான். வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று உம்மா கருப்பட்டியும் இஞ்சியும் கொதிக்க வைத்துக் கொடுத்தார். காரணம் தெரிந்த யுஸ்ரா வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. திரையில் வாப்பா தல்ஹா, தல்ஹா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவன் உம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“என்னை மறந்துட்டானோ?” என்றார் வாப்பா. அவரே சிரிக்கப் பார்த்தார். “இன்னைக்கு எந்தப் பேரு வரும்னு நாங்க பந்தயம் கட்டி உக்காந்திருக்கோம். தோத்த ஆளு எல்லாருக்கும் டீ போடணும். எங்க ரூம்ல இருக்குற ஆலந்தலை ஆன்றோ ‘வப்பு’ன்னு சொல்லியிருக்கான். நான் ‘பப்பா’.”

யுஸ்ராவுக்கு அப்போதுதான் புரிந்தது. போன வாரம் அவர் சிரித்தது வெட்கத்தில் இல்லை. வாரம் முழுக்க அதற்காகக் காத்திருந்திருக்கிறார்.

“அவன் மறக்கல வாப்பா. நாந்தான் கெடுத்துட்டேன்” என்றாள். வாடா தின்றதையும் சொன்னாள். வாப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்று மாலை மறுபடி வாடா வாங்கினாள். ஒன்றும் கேட்காமல் முழுசாக அவன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்து தின்றான். அடுத்த நாளும் கொடுத்தாள். அப்போதும் முதுகுதான்.

மூன்றாம் முறை வாடாவைப் பிய்த்தபடி, அவனைப் பார்க்காமல், அதன் பெயரை “தாடா” என்று சொன்னாள்.

தல்ஹா மெல்லுவதை நிறுத்தினான்.

“வாதா” என்றாள். “வாலா” என்றாள்.

அவன் முழுசாகத் திரும்பி அவளை உற்றுப் பார்த்தான். இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை.

“தப்பு” என்றான்.

எழுத்துப் பிசகாமல், அவள் சொன்ன அதே தொனியில். அவள் சொல்லிக்கொடுத்ததில் அவன் சரியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். யுஸ்ராவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

“ஆமாம்லே” என்றாள். “தப்புதான்.”

அவன் தன் வாடாவில் ஒரு துண்டு பிய்த்து அவள் வாயில் திணித்தான். பிறகு பூனைக்கும் தண்ணீருக்கும் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை திரையில் முகம் தெரிந்ததும் அவனே முந்திக்கொண்டான்.

“வாப்பா.”

சுத்தமாக வந்தது. அங்கே எல்லாரும் கை தட்டினார்கள். வாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, ‘பப்பா’ என்று ஒரு தடவை சொல்ல மாட்டானா என்று கேட்டார்.

தல்ஹா திரையையே பார்த்தான். யுஸ்ரா குனிந்து, “பப்பா” என்று எடுத்துக் கொடுத்தாள்.

“தப்பு” என்றான் அவன்.

அறையே சிரித்தது. அன்றைக்குப் பந்தயத்தில் யாரும் ஜெயிக்கவில்லை. டீயை வாப்பாவே போட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டில் ‘பப்பா’ யார் வாயிலும் வரவில்லை. பக்கத்தில் யாரும் இல்லாதபோது யுஸ்ரா மட்டும் அதை மெல்லச் சொல்லிப் பார்ப்பாள். தம்பி சொன்ன மாதிரி அவளுக்கு வரவே இல்லை.