சுற்றுவழியில் வந்த அழைப்பு

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஈ ஓட்டுகிற வேலைதான். ஊரே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும். வார நாட்களில் காது கிழியத் தட்டிக்கொண்டிருக்கும் ரிலே சுவிட்சுகளில், ஆளுயர இரும்புச் சட்டங்களின் எங்கோ ஒரு மூலையில், எப்போதாவது ஒன்று மட்டும் 'டக்' என்றுவிட்டு அடங்கும். சூடேறிய கம்பியும் தூசியும் கலந்த வாசனையில் டெக்னீஷியனுக்குக் கண் சொருகும். அன்றும் சொருகியது. அப்போதுதான் சுற்றுவழி லைனின் விளக்கு எரிவதைப் பார்த்தான்.

எரிய வேண்டிய காரணமே இல்லை. ஆஸ்பத்திரி இருக்கும் பகுதிக்கு நேர் லைன்கள் இருபது. இருபதும் நிறைந்தால்தான் மெஷின் அழைப்பைப் பக்கத்து எக்ஸ்சேஞ்ச் வழியாகச் சுற்றி அனுப்பும். இப்போது இருபதும் காலியாகக் கிடந்தன.

அந்தச் சுற்றுவழியைப் பார்த்தாலே அவனுக்கு உடம்பு கூசும். அதில் மூன்று லைன். ரிலேத் தகடுகளுக்கு நடுவே ஒரு அட்டைத் துண்டைச் செருகினால், லைன் பிஸி என்று மெஷின் நம்பி ஒதுங்கிவிடும். மூன்றாவது லைனை அப்படித்தான் தனக்கென்று பிடித்து வைத்திருந்தான், பக்கத்து எக்ஸ்சேஞ்ச் டெக்னீஷியனோடு போனிலேயே செஸ் ஆட. மூன்று மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, எல்லா லைனும் நிறைந்திருந்த நேரத்தில், அவன் அதில் குதிரையை நகர்த்திக்கொண்டிருந்தான். அதே நேரத்தில் அண்ணி தனியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸுக்கு டயல் செய்துகொண்டிருந்தாள். அண்ணன் வந்து பார்த்தபோது அவள் கையில் ரிசீவர் இருந்தது, உயிர் இல்லை.

"மெஷின் பண்ணதுக்கு நீ என்னடா பண்ணுவ?" என்று அண்ணன்தான் அவனைத் தேற்றினான். இவனும் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும். அண்ணன் இப்போது இவன் வீட்டில்தான் இருக்கிறான். அவன் எதிரே உட்கார்ந்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

எரியும் லைனிலிருந்து சட்டம் சட்டமாகப் பின்னோக்கிப் போய், அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடினான். பூட்டிக் கிடக்கும் அண்ணனின் பழைய வீட்டு நம்பரில் போய் நின்றது. அந்த நம்பரின் கம்பியைப் போன மாதம் இவனே பிடுங்கியிருந்தான். இப்போதும் அங்கே கம்பி இல்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டான். முதலில் இரைச்சல். பிறகு மூச்சு, ஏறி ஏறி இறங்கும் மூச்சு.

"தம்பி. லைன் கெடைக்கல தம்பி."

அண்ணியின் குரல்.

"ஆஸ்பத்திரி வேணாம். இனிமே எதுக்கு? உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். லைன் குடுங்க."

என்ன வார்த்தை என்று அவனுக்குத் தெரியும். பயத்துக்கு முன்னால் வந்தது வெட்கம். அண்ணனுக்குத் தெரிந்துவிடும். மேஜைமேல் கிடந்த அட்டையைக் கிழித்தான். செருகினான். விளக்கு அணைந்தது.

டக். இரண்டாவது லைன் எரிந்தது.

செருகினான்.

மூன்றாவது. அதைச் செருக விரலுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

மூன்றும் அணைந்தன. காதில் பிஸி டோன். தன் கையால் அவளுக்கு இரண்டாம் முறை.

பின்னால், உள்ளூர் லைன்களின் சட்டத்தில், டக்.

டக். டக்.

நெருங்கி வந்தது. அவன் வீட்டு நம்பரில் நின்றது. மணி அடித்தது.

அட்டை தீர்ந்துவிட்டது. விரலையே செருகினான். தகடுகள் விரலைக் கவ்வின. மணி நிற்கவில்லை.

"ஹலோ?" ஹெட்போனில் அண்ணன். தூக்கக் கலக்கம். "யாரு?"

மூச்சு.

"நீயா?"

அண்ணி பேசியது இவனுக்குக் கேட்கவில்லை. அண்ணன் கேட்டுக்கொள்வது மட்டும் கேட்டது.

"ம்."

"ம்... செஸ்ஸா?"

விரலை இழுத்தான். வரவில்லை.

அண்ணன் மெதுவாகக் கேட்டான். "இப்ப அவன் கேட்டுக்கிட்டு இருக்கானா?"

லைனில் இரண்டு மூச்சு. இருவரும் அவன் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள்.