ஐந்து புள்ளி அளவு

வெட்டு மேசையில் போட்ட சுண்ணக்கோடு கைபட்டாலே அழிந்துவிடும். ஆனால் தையல்காரி ஈரத்துணியால் எவ்வளவு தேய்த்தும் அவள் அதில் போட்டிருந்த நட்சத்திரம் அழியவில்லை. தொட்டால் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது.

விஷயத்தைக் கிளப்பிவிட்டது அவள் நாத்தனார்தான். துக்கம் கேட்க வருகிறவள் துக்கத்தை மட்டுமா கேட்டுவிட்டுப் போவாள்? மகளைப் பறிகொடுத்த வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, சிலர் கதவில் காவலுக்குப் போடும் ஐந்துமுனைச் சின்னத்தின் பூர்வீகத்தை அவிழ்த்துவிட்டாள்.

"அது நட்சத்திரமே இல்ல அண்ணி. முதல்ல எவளோ ஒரு தாய் போட்டது. செத்த புள்ளையக் கிடத்தி, தலை, ரெண்டு கை, ரெண்டு கால்னு புள்ளி வச்சு, கை எடுக்காம கோடு இழுத்தாளாம். தொடங்கின புள்ளியிலயே கோடு வந்து கூடிட்டா, போன புள்ள அந்த அளவுக்கு வந்து நிக்குமாம்."

"நீ போட்டுப் பாத்தியா?"

"நல்லாருக்கே. என் மாமியார் எந்திரிச்சு வந்துட்டா?"

நாத்தனார் சிரித்துக்கொண்டே கிளம்பினாள். தையல்காரி சிரிக்கவில்லை. மகளின் அளவு அவள் விரலிலேயே இருந்தது. சுண்ணக்கட்டியை எடுத்து மேசையில் ஐந்து புள்ளி வைத்து இழுத்தாள், கோடு கூடியது. ஒன்றும் நடக்கவில்லை. வெட்கமாகிவிட்டது. அழிக்கப்போனாள். அப்போதுதான் இந்தச் சூடு.

சாயங்கால வெளிச்சம் அறையைவிட்டு நழுவிக்கொண்டிருக்க, வெயிலில் ஆடிவிட்டு வந்து மடியில் முகம் புதைக்கும் மகளின் அந்த வியர்வை வாடை, மேசைக்கடியில் குவிந்திருந்த துண்டுத்துணிகளிலிருந்து மெல்ல மெல்ல எழுந்து சுவர்வரை நிறைந்தது. துணி உரசியது.

"அம்மா."

மகளின் குரல்தான். தையல்காரி அப்படியே தரையில் சரிந்தாள்.

"வந்துட்டியா கண்ணு."

குவியலிலிருந்து ஒரு கை நீண்டது. மகளின் கை. முழங்கை தெரிந்தது. அதற்குமேலும் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. வளர்கிற பிள்ளைக்குத் துணி வெட்டும்போது அளவுக்கு மேல் தாராளமாக விடுவது அவள் கைப்பழக்கம். இந்த நட்சத்திரத்துக்கும் விட்டிருந்தாள். ஐந்து முனையிலும். மகள் வளர்ந்து நிரப்பவேண்டிய அந்த இடத்தில் வேறு ஏதோ நிரம்பியிருந்தது.

"தூக்கும்மா."

கதவு திறந்துதான் கிடந்தது. நாமாயிருந்தால் ஓடியிருப்போம். அவள் கண்ணை மூடிக்கொண்டு மடியை விரித்தாள்.

தலை வந்து படுத்தது. மடி கொள்ளவில்லை.

கைகள் அவள் முதுகைச் சுற்றின. இன்னொரு சுற்று. இன்னும் ஒரு சுற்று.

அவள் அந்தத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.