ஏழாம் எண் பேரிங்

செவ்வாய், மார்ச் 12.

ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் ஒரு தவறு இருக்கிறது. "புதிய பேரிங்கை அளந்து பார்த்துப் பெட்டியில் வைத்தேன்" என்று எழுதியிருக்கிறேன். அளந்தது உண்மை. பெட்டியில் வைக்கும்போது பார்த்து வைத்தேனா என்பது நினைவில் இல்லை. அந்த ஒரு வரியால் இன்று முழுக்க யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை 8.40. மெக்கானிக் ஷெட். எங்கள் காரின் வலது முன்சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் கொண்டுபோன பெட்டியை மெக்கானிக் பிரித்தார். உள்ளே இருந்ததைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, உரக்கப் படித்தார்.

"மாலை வகுப்பு, எண் ஏழு. ஏம்மா, பாடத்தையே பொட்டலம் கட்டிக் கொண்டாந்துட்டியா?"

பக்கத்தில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

அது வாகனப் பழுது வகுப்பில் எனக்குப் பயிற்சிக்குக் கொடுத்த தேய்ந்த பேரிங். எங்கள் காருக்கும் அதே அளவு என்பதால் கேட்டு வாங்கி வந்தேன். வெளி வளையத்தில் கட்டைவிரல் நக உயரத்துக்கு எழுத்து வெட்டியிருக்கும். சமையலறையில், புதிய பேரிங் பெட்டியை வைத்திருந்த மேடைக்குக் கீழ் டிராயரில் கிடந்தது. அதை ஒட்டியே, போன வருஷம் இடது சக்கரத்திலிருந்து கழற்றிய எங்கள் பழைய பேரிங்கும் கிடந்தது. அதில் எழுத்து எதுவும் இல்லை.

"புதுசு எங்க?" என்றார் மெக்கானிக்.

"வீட்டுல இருக்கும் சார். மாத்தி வச்சிட்டேன் போல."

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்தா மாட்டிடலாம். இல்லேன்னா வியாழக்கிழமை ஆய்வுக்கு வண்டி போகாது. இந்தச் சத்தத்தோட போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க."

அது எனக்கும் தெரியும். மூன்று கிளினிக்கிலிருந்து ரத்த மாதிரிகளை விடிகாலையில் லேப்புக்குக் கொண்டுபோவதுதான் அப்பாவின் வேலை. தகுதிச் சான்று புதுப்பிக்க லேப் மேனேஜர் மூன்று நாள் கொடுத்திருக்கிறார். வியாழன் மதியம் சான்று காட்டாவிட்டால் வேறு வண்டி.

காலை 9.30. வீடு. டிராயரைத் திறந்தேன். எழுத்தில்லாத பழையது மட்டும் இருந்தது. புதியது இல்லை. அலமாரி, கட்டிலடி, குப்பைக்கூடை எதிலும் இல்லை. அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "கெடைக்கலைன்னா விடு, பாப்பா" என்றார்.

எப்படி விடுவது? அதை வாங்கப் போன வாரம் அலைந்தபோது, அந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவதில்லை என்று கம்பெனி ஷோரூமில் சொல்லிவிட்டார்கள். உதிரிபாகக் கடைகளில் முழு செட்டாகத்தான் தருவார்களாம். அந்த விலைக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம். கடைசியில் கார் பெயரைச் சொல்லிக் கேட்பதை நிறுத்தினேன். பழையதை அளந்து, உள்விட்டம் 34, வெளிவிட்டம் 64, அகலம் 37 என்று ஒரு சீட்டில் எழுதி, மோட்டார் பம்புக்கும் மாவு மில்லுக்கும் பேரிங் விற்கிற கடையில் நீட்டினேன். அது பதினோராவது கடை. அவர் எந்த வண்டி என்றுகூடக் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்தார். விலை ஐந்தில் ஒரு பங்கு. அவரிடம் இருந்ததும் அது ஒன்றுதான்.

மாலை 5.40. அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, மாடியில் இருக்கிறாள், மருந்துக் கடையில் வேலை. போலி மாத்திரை அட்டையைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"நான்தான் தொலைச்சேன் அத்தை."

"தொலைச்சவ மாதிரி அழு, பரவாயில்லை. கண்டுபிடிச்சவ மாதிரி தீர்ப்பு சொல்லாத. உன் டைரியை எடு."

ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். கீழே உள்ளவை அவள் விரல் நின்ற வரிகள்:

பிப்ரவரி 20: காரின் இடது பக்கக் கண்ணாடி மறுபடி உடைந்திருக்கிறது. நிறுத்தியிருந்தபோது யாரோ இடித்துவிட்டார்களாம்.

மார்ச் 4: விடிகாலை ஐந்தரைக்குப் பதில் ஏழு மணிக்கு வரலாமா என்று அப்பா லேப்பில் கேட்டார். முடியாது என்றார்கள்.

மார்ச் 9, சனி: பேரிங் பில்லை அப்பாவிடம் நீட்டினேன். நீயே படி என்றார்.

மார்ச் 11, திங்கள்: மதியம் மெக்கானிக் வந்து காரை எடுத்துப் போனார். சமையலறையில் தண்ணீர் குடித்தாராம். மாலை ஆறு மணிக்கு மாமா கீழே வந்தார்.

"முதல் சந்தேகம் எங்க வீட்டுக்காரர் மேலதான்" என்றாள் அத்தை. "ஆறு மாசமா இந்தக் காரை எனக்குக் குடு, எனக்குக் குடுன்னு உங்கப்பாவை அரிச்சிட்டிருக்காரு."

மாமா அழைக்கப்பட்டார்.

"நேத்து ஆறு மணிக்குக் கீழ எதுக்கு வந்தீங்க?"

"சர்க்கரை எடுக்க."

"நம்ம வீட்டுல இருக்கே."

"அங்க நீயும் இருக்கியே. டாக்டர் வேண்டாம்னதை உன் முன்னாடி எப்படித் திங்கறது?"

அத்தை கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். "பின்னால என்ன போட்டிருக்கு?"

மாமா ஓர் அட்சரம் தடுக்காமல் படித்தார். "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும். குழந்தைகளுக்கு எட்டாத..."

"போதும், போங்க."

"அவ்வளவுதானா? அடிக்க மாட்டியா?"

"அது மாடியில."

எனக்கு எதுவும் புரியவில்லை.

மாலை 6.05. அத்தை இரண்டு பழைய பேரிங்குகளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"நீ தெரியாம மாத்தியிருந்தா, புதுசு இந்த டிராயர்லதான் கெடக்கணும். கெடக்கலை. அப்ப யாரோ எடுத்து ஒளிச்சிருக்காங்க. எடுத்தவன் பெட்டி கனம் குறையக் கூடாதுன்னு பழசு ஒண்ணை உள்ள வச்சிருக்கான். இங்க ரெண்டு இருந்தது. ஒண்ணு மொட்டை. ஒண்ணுல உன் வகுப்பு பேரே வெட்டியிருக்கு. நீயா இருந்தா எதை வைப்ப?"

"மொட்டையை."

"யாரா இருந்தாலும் அதைத்தான் வைப்பாங்க. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு எல்லாரும் நெனைக்கணுமே. மெக்கானிக் கை நீட்டிப் பிடிச்சுப் படிச்சாரு. உங்க மாமா அட்டைப் பொடி எழுத்தையே படிக்கறாரு. அவங்க இந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க."

அவள் எழுந்து வாசற்படிக்குப் போனாள். எண் ஏழை அப்பாவின் கையில் வைத்தாள். படியில் இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது.

"அண்ணா, இதுல என்ன எழுதியிருக்கு? படி."

அப்பா அதைத் திருப்பினார். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். பிறகு கட்டைவிரலால் வளையத்தைச் சுற்றித் தடவினார். விரல் எழுத்தின்மேல் வந்து நின்றது.

"இதுல எழுத்து இருக்கா?" என்றார்.

அத்தை எண் ஏழைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அப்பா உள்ளே போய், துவைத்த பனியனில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார். புதிய பேரிங். தூசி படக் கூடாது என்று சுற்றினாராம்.

"தூக்கிப் போட மனசு வரலை. பாப்பா பதினோரு கடை ஏறி இறங்கினா."

"கண்ணாடியை உடைச்சது யாரு அண்ணா?"

"சைக்கிள்காரன் கைப்பிடி. அவனுக்கு அடி ஒண்ணும் இல்லை. அவன் திட்டினப்பதான் அங்க ஒருத்தன் இருக்கான்னே எனக்குத் தெரிஞ்சது." அப்பா பேரிங்கை உருட்டிக்கொண்டே பேசினார். "வண்டியால வேலை போச்சுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கண்ணால போச்சுன்னா இத்தனை நாள் எப்படி ஓட்டினேன்னு கேப்பாங்க. கடைக்காரர் மேல பழி விழும், மாத்தி வாங்கறதுக்குள்ள வியாழக்கிழமை போயிடும்னு நெனச்சேன். உன்மேல விழும்னு நெனைக்கலை, பாப்பா."

நான் பகலில் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடித்துவிடுவேன். அப்பா பில்லைத் திருப்பிக் கொடுத்ததையும், நேரம் மாற்றிக் கேட்டதையும், கண்ணாடி உடைந்ததையும் என் கையாலேயே எழுதிவைத்திருக்கிறேன். மூன்றையும் சேர்த்து ஒருமுறையும் படிக்கவில்லை.

இப்போது பேரிங் இருக்கிறது. நாளை மாட்டினால் வியாழன் கார் ஆய்வில் தேறிவிடும். ஓட்டத்தான் ஆளில்லை. எனக்கு உரிமம் இல்லை. மாமாவுக்குக் காலை ஷிப்ட். இரவுச் சாப்பாட்டில் அத்தை அப்பாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டுப் போனாள்.

"மாட்டச் சொல்லிடு" என்றார் அப்பா, சாப்பிட்டு முடித்ததும். "யாருக்குக் குடுத்தாலும் சத்தத்தோட குடுக்கக் கூடாது."

இன்று வகுப்புக்குப் போகவில்லை.

நாளை: ஏழு மணிக்கு அப்பாவுடன் பஸ்ஸில் கண் ஆஸ்பத்திரி, டோக்கன் வாங்க வேண்டும். அவரை வரிசையில் உட்காரவைத்துவிட்டு ஷெட்டில் பேரிங்கைக் கொடுக்க வேண்டும். பத்தரைக்கு லேப் மேனேஜரைப் பார்த்து, வண்டி சரியாகிவிட்டது, ஓட்டத்தான் ஆள் இல்லை என்று நானே சொல்ல வேண்டும்.