கங்கம்மாவுக்கு ஆஜர்

வக்கீல் பூவராகவன் தம்முடைய ஆபீசைத் திருவள்ளூர் தேரடிக்குப் பின்னாலிருந்த ஒரு பழைய ஓட்டு வீட்டுக்கு மாற்றினார். அறுபத்தேழாம் வருஷம், ஆடி மாதம். எல்லாரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் அவரிடம் தொழில் பழகிய ஹேமாம்புஜம்தான். அங்கே பின்கட்டில் ஒரு தனி அறை இருந்தது. மேஜை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது.

தாழ்ப்பாளுக்கா இத்தனை மகிழ்ச்சி என்று கேட்பவர்கள் அவளுடைய புக்ககத்தைப் பார்த்ததில்லை. கணவன் பராசரனுக்குப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம். விடிவதற்குள் அவன் கிளம்பிவிட்டால் மாமியார் அம்புஜவல்லியின் ராஜ்ஜியம் ஆரம்பித்துவிடும். அமாவாசை வந்தால் கேட்கவே வேண்டாம். வேண்டுதலுக்காகக் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வருகிற உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் சாப்பாடு இங்கேதான். உரலுக்குப் பக்கத்தில் சட்டப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மாவரைத்த மருமகள் அந்த ஊரிலேயே ஹேமா ஒருத்திதான். சட்டப் பட்டம் கையில் இருந்தும் என்ன பிரயோஜனம்? பார் கவுன்சில் பரீட்சை தேறினால்தான் கறுப்பு அங்கி. அதில் ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று.

“இந்தத் தடவைதான் கடைசி, ஹேமா. ஆகலேன்னா புஸ்தகத்தையெல்லாம் பரண்ல போட்டுடு. அம்மா வாயை என்னால அடைக்க முடியலை” என்று பராசரன் சொல்லிவிட்டான். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவன் கெஞ்சினான். அதனால் அவளுக்கு ஒரு வழியும் இல்லாமல் போயிற்று.

புது ஆபீசுக்கு வந்த அந்த வாரமே கோர்ட்டில் ஒரு சங்கடம் நேர்ந்தது. கோர்ட்டுச் சேவகனான டவாலி வாசலில் நின்று கட்சிக்காரர் பெயரை மூன்று முறை கூவுவான். மூன்றாவதற்குள் யாராவது ‘ஆஜர்’ என்று குரல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு தள்ளுபடி. அன்று ஹேமா மடியில் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்ததில் இரண்டு கூப்பாடு போய்விட்டது. மூன்றாவதற்குப் பூவராகவனே ஓடிவந்து காப்பாற்றினார்.

“ஜூனியருக்குப் படிப்பு அப்புறம், காது முதல்ல” என்று அவர் எல்லார் முன்னாலும் சொன்னார். “பேர் காதுல விழுந்தா யாரு எவருன்னு யோசிக்கப்படாது. எழுந்து ஆஜர்னு சொல்லு. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

ஹேமாவுக்கு மானம் போயிற்று. அன்று மாலை பின்கட்டு அறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தபோதும் காதெல்லாம் சூடாகவே இருந்தது.

வெயில் இறங்கியது. ஓட்டுச் சந்து வழியாக வந்த வெளிச்சம் சிவந்து, பிறகு சாம்பலாயிற்று. தெருச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

“கங்கம்மா…!”

வாசல் பக்கமிருந்து, நீட்டி முழக்கிய டவாலிக் குரல்.

ஹேமா விருட்டென்று எழுந்தாள். “ஆஜர்!”

சொன்ன பிறகுதான் உறைத்தது. இது கோர்ட்டு இல்லை. கங்கம்மா என்று கட்சிக்காரி யாரும் இல்லை. விளக்கு வைக்கிற வேளையில் யாராவது கூப்பிட்டால் முதல் குரலுக்குப் பதில் கொடுக்காதே என்று மாமியார் தலைப்பாடாய் அடித்துக்கொள்வாள். மாமியார் சொன்னது என்பதாலேயே அதை அவள் காதில் வாங்கியதில்லை.

அறைக்குள் புகையிலை நெடி பரவியது.

போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

“என் பேரு கூப்ட்டாங்களாமா?”

காதருகே ஒரு கிழட்டுக் குரல்.

ஹேமா பாய்ந்து தாழ்ப்பாளை இழுத்தாள். அது அசையவில்லை. அவள் போட்ட கூச்சலில் குமாஸ்தா ஆதிகேசவன் ஓடிவந்து வெளியிலிருந்து இடித்துத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னாமா இப்படிப் பண்ணிட்ட! முன்ன முன்சீப் கோர்ட்டு இந்த ஊட்லதான் நடந்துச்சு. கங்கம்மான்னு மீஞ்சூர் பக்கத்துக் கெயவி. குடிசைய புடுங்கிட்டாங்கன்னு கேசு போட்டிருந்துச்சு. காது சுத்தமா கேக்காது. ‘என் பேரு கூப்ட்டாங்களா’ன்னு அது வக்கீலோட ஜூனியரைக் கேட்டுக்கினே இருக்கும். அவரும் உன்ன மாதிரிதான், இதே ரூம்ல பரீச்சைக்குப் படிச்சிக்கினு இருந்தாரு. ‘இந்தப் பக்கத்த முடிச்சிட்டு வரேன்’னாரு. மூணு தபா கூப்ட்டு கேசைத் தள்ளிட்டாங்க. கெயவி வராண்டாவுல குந்தினபடியே செத்துப் போயிட்ச்சி.”

“தெரிஞ்சுமா இங்க வந்தோம்?”

“வாடகை கம்மின்னா நம்ம ஐயா சுடுகாட்லயும் குந்துவாரு. கூப்பாடு எப்பனா கேக்கும், இந்தத் தெருவுல யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நீ ஆஜர் சொல்லிட்ட, இனிமே நீதான் அதுக்கு வக்கீலு. கழண்டுக்கணும்னா இன்னா வழி, நீயே சொல்லு.”

ஹேமாவுக்கு வழி தெரியும். கோர்ட்டு அனுமதி இல்லாமல் வக்கீல் விலக முடியாது. எந்தக் கோர்ட்டில் போய் அனுமதி கேட்பது?

அன்று முதல் புகையிலை நெடி அவள் கூடவே வந்தது. கோர்ட்டுக்கு வந்தது. உரலடியில் வந்தது. “ஆத்துல யாருடி பொகையிலை போடறா?” என்று மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டாள். புத்தகத்தைத் திறந்தால் போதும், அதே கேள்வி. முதலில் ஹேமா நடுங்கினாள். நாளாக ஆகப் பாவமாக இருந்தது. ஒருநாள் மெதுவாக, “கூப்பிட்டா நான் சொல்றேன் பாட்டி. விடமாட்டேன்” என்றாள். அதன்பிறகு அந்தக் குரல் எதுவும் கேட்கவில்லை. நெடி மட்டும் பொறுமையாகக் காத்திருந்தது.

சென்னையில் பரீட்சை. கடைசித் தாள், வக்கீல் தொழில் தர்மம். கட்சிக்காரருக்கு வக்கீலின் கடமை என்ன என்று ஒரு கேள்வி. நன்றாகத் தெரிந்த கேள்வி. பேனா பறந்தது.

“கங்கம்மா…!”

யாரும் நிமிரவில்லை.

ஒரு வார்த்தை போதும். ஆனால் பரீட்சைக் கூடத்தில் எழுந்து கத்தினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பரண் கண்முன் வந்தது. பராசரனின் கெஞ்சல் முகம் வந்தது. வாழ்நாள் முழுக்க அந்த உரல்.

“இந்தப் பக்கத்தை மட்டும் முடிச்சுடறேன் பாட்டி” என்று உதடு அசையாமல் சொன்னாள்.

“கங்கம்மா…!”

எழுதினாள்.

“கங்கம்மா…!”

எழுதிக்கொண்டே இருந்தாள். அழுதுகொண்டும் இருந்தாள்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. பேனா உரசும் சத்தம்கூட இல்லை. மேற்பார்வையாளர் வந்து தோளைத் தொட்டபோதுதான் மணி அடித்துவிட்டது என்று தெரிந்தது.

ஹேமா தேறிவிட்டாள். பராசரன் தெரு முழுக்க அக்காரவடிசல் கொடுத்தான். தன் காது போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் பரண்தான். உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டாள்.

கறுப்பு அங்கியோடு முதல் நாள் கோர்ட்டு. அவளுக்கென்று ஒரு கட்சிக்காரர், அவளுக்கென்று ஒரு வழக்கு. வாசலில் டவாலி வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான். யார் பெயரைக் கூவுகிறான் என்று தெரியாமல் அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் புகையிலை நெடி வந்து உட்கார்ந்தது.

பரீட்சைக்குப் பிறகு முதன்முதலாக அவள் காதில் ஒரு குரல் விழுந்தது.

“என் பேரு கூப்ட்டாங்களாமா?”