அரைமணிக் கணினி

வில்பட்டிப் பள்ளியில் இருந்த ஒரே கணினி, பிரதீப் எழுதிய கடிதத்தை மூன்றாவது முறையாக விழுங்கியது.

‘உங்கள் நேரம் முடிந்தது. கவுண்டரை அணுகவும்’ என்றது திரை.

பள்ளிக்கூடத்தில் கவுண்டர் ஏது? அது கொடைக்கானல் பஜாரில் ஒலியுல்லா பாய் நடத்திய பிரவுசிங் சென்டரில் இருந்த கணினி. கடையை மூடியதும் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். அதற்குள் இருந்த கண்காணிப்பு மென்பொருள் மட்டும், கடை இன்னும் நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. அரைமணிக்கு ஒருமுறை திரையைப் பூட்டும். அடுத்து வருபவர் பார்க்கக் கூடாதென்று, எழுதியதை எல்லாம் அழித்தும் விடும்.

“இன்னும் நாலே வரிதான் பாக்கி!” என்றான் பிரதீப்.

பேரிக்காய் மரத்திலிருந்து விழுந்ததில் அவனுடைய வலது கை மாவுக்கட்டில் இருந்தது. இடது கையின் ஒற்றை விரலால்தான் தட்டினான். அரைமணியில் எவ்வளவு எழுத முடியும்?

“நீ சொல்லுலே, நான் கையால எழுதித் தர்றேன்” என்றாள் அவனுடன் ஏழாம் வகுப்பில் படிக்கும் மேனகா.

“வேணாம் மேனகா. இலங்கையில எங்க மாமா செத்துட்டாரு. அத்தை தனியா இருக்கு. அதுக்கு எழுதுறேன். இதைப் போய் இன்னொருத்தர்கிட்ட சொல்லி எழுத வெக்க முடியுமா? நாளைக்கு வெள்ளனே சித்தப்பா அங்க கெளம்புறாரு. அவருகிட்ட குடுத்தாகணும்.”

மேனகா நேராக சிவராமன் சாரிடம் போனாள்.

“சார், அந்த சாஃப்ட்வேரை எடுத்துரலாமா? பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு.”

சார் செல்போனில் அழைத்து அவளிடம் கொடுத்தார்.

“அட, அது இன்னுமா உசுரோட கெடக்கு?” பாய் சிரித்தார். “தாராளமா எடுத்துருங்கம்மா. ஆனா பாஸ்வேர்டு மறந்துபோச்சே! எம்மக பேரு, கடைப் பேரு, வண்டி நம்பரு… எல்லாத்தையும் போட்டுப் பாருங்க.”

போட்டார்கள். எதற்கும் அசையவில்லை.

ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களின் பட்டியலை சார் திறந்தார். அந்த மென்பொருளின் பெயரில் அதில் இரண்டு இருந்தன. மேனகா ஒன்றை நிறுத்தினாள். கண் இமைப்பதற்குள் அது திரும்பி வந்தது. மற்றதை நிறுத்தினாள். அதுவும் வந்தது.

“என்னம்மா இது, பேய் மாதிரி!” என்றார் சார்.

மேனகாவுக்குச் சிரிப்பு வந்தது. “காட்டுமாடு வராம இருக்க, கேரட் தோட்டத்துல எங்க அப்பாவும் மாமாவும் காவல் இருப்பாங்க சார். ஒருத்தர் கண்ணசந்தா இன்னொருத்தர் கத்தி எழுப்பிருவாரு. இதுகளும் அப்படித்தான்.”

“அப்ப ரெண்டையும் ஒரே நேரத்துல தூங்க வெக்கணுமா?” என்றான் பிரதீப்.

“காவலுக்கே வரவிடாம பண்ணணும். கரண்ட் போயிட்டு வந்தா கறுப்புத் திரையில ‘சேஃப் மோட்’னு ஒண்ணு வருமே, அது என்ன சார்?”

“அதுலயா? ரொம்பத் தேவையான புரோகிராம் மட்டுந்தான் ஓடும்.” சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அடடே!”

கணினியை அணைத்துப் போட்டு, அந்த வழியாக உள்ளே போனார்கள். எழுத்துகள் பெரிதாகவும் கோரமாகவும் தெரிந்தன. ஆனால் பட்டியலில் காவல்காரர்கள் இருவரையும் காணோம்! கணினி திறந்ததும் தானாக ஓட வேண்டியவற்றின் வரிசையிலிருந்து அவற்றின் பெயர்களை எடுத்தாள் மேனகா. பிறகு அவை குடியிருந்த கோப்புறையை அழித்தாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால், “இதுதானே சார்?” என்று கேட்டுக்கொண்டாள். வேறு எதையாவது அழித்துவிட்டால்?

மறுபடி வழக்கம்போல் கணினியைத் திறந்தார்கள். பிரதீப் உட்கார்ந்தான். வகுப்பே அவன் முதுகுக்குப் பின்னால் கூடியது.

“ஏலே, எட்டிப் பாத்த ரெண்டு பேரை இப்பத்தான் வெரட்டிருக்கோம். இப்ப நீங்க இருபது பேரா? வெரசா வெளிய போங்க!” மேனகா எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்து, தானும் வெளியே நின்று கதவைச் சாத்தினாள்.

பள்ளிக்கூட மணி அடித்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மூடுபனி வராந்தாவுக்குள் வந்தது. உள்ளே ‘டக்… டக்…’ என்று ஒற்றை விரல் தட்டிக்கொண்டிருந்தது.

அரைமணி ஆனது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

‘டக்.’

முக்கால்மணி ஆனது. ‘டக்… டக்…’

கடைசியில் பிரிண்டர் உறுமியது. மடித்த தாளும் கவருமாக பிரதீப் வெளியே வந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன, ஆனால் சிரித்தான்.

“ஒரு கையால ஒட்ட முடியல. ஒட்டித் தர்றியா மேனகா?”

மேனகா கண்களை இறுக மூடிக்கொண்டு ஒட்டிக் கொடுத்தாள். கவர் கொஞ்சம் கோணலாகிவிட்டது.