நெற்றிப்பொட்டும் நாலாயிரம் லாரிகளும்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. லாரிகள் எல்லாம் சேர்ந்து மனிதர்களைத் திரும்பக் கூப்பிட்ட கதை இது. கடைசிவரை கேட்டால் சிரித்துக்கொண்டேதான் எழுந்து போவீர்கள்.

நாமக்கல்லில் லாரிக்கு ஸ்டியரிங் இல்லாமல் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. தானாகவே ஓடுகிற லாரிகளுக்குத் தானோடி என்று பெயர். சட்டத்துக்காக ஒவ்வொன்றிலும் ஒரு துணையாள் ஏறிப் போவார். அவருக்குப் பெரும்பாலும் தூக்கம்தான் வேலை. நாலாயிரம் தானோடிகளுக்கும் சேர்த்து ஒரே அறிவு. அதை மந்தைமதி என்பார்கள். ஒரு லாரி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் போதும், அடுத்த நொடியிலிருந்து மற்ற அத்தனை லாரியும் அந்தப் பள்ளத்தை ஒதுங்கிப் போகும்.

பரமத்தி சாலைப் பட்டறையில் பாவாயிதான் ஒயரிங் வேலைக்குத் தலைவி. அவள் கை படாத தானோடி அந்த வட்டாரத்தில் கிடையாது. ஊரே அவளை அக்கா என்று கூப்பிட்டதால் லாரிகளும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டன.

ஆயுத பூஜை முடிந்து நாலாம் நாள் உச்சிவெயிலில், லாரி செய்கிற நிறுவனத்திலிருந்து சுகிர்தா என்ற அதிகாரி காரில் வந்து இறங்கினாள். கையில், பழுதான வண்டிகளைத் திரும்பக் கூப்பிடும் மீளழைப்பு உத்தரவு.

"பயப்பட ஒண்ணுமில்ல மேடம். பேட்டரிக்குப் பின்னால போற தடிக் கேபிள்ல ஒரு இணைப்பு சரியா முறுக்கல. ஓட ஓட ஆட்டத்துல சூடாகித் தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கு. மூணு மாசத்துக்குள்ள எல்லா வண்டியும் திரும்ப வந்தாப் போதும்."

"தீப் பிடிக்கும்ங்கறீங்க, மூணு மாசம்ங்கறீங்க. நல்லா இருக்குதுங்க உங்க கணக்கு!"

"மோப்பக்கண் இருக்கே மேடம். கருகல் வாடை வந்த நொடியே வண்டி தானா ஓரங்கட்டி நின்னுடும். சோதிச்சுப் பாத்துட்டோம், நூத்துக்கு நூறு."

மோப்பக்கண் என்பது லாரியின் நெற்றி நடுவில் ரூபாய்க் காசு அளவுக்கு இருக்கும் ஒரு சின்னக் குழி. உலகத்தின் எந்த மூலையிலோ அதை வரைந்தவனுக்கு நம் ஊர்க் கண் இல்லை. லாரியைப் பார்க்கிற நமக்கோ அது பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடமாகத்தான் தெரியும்.

பாவாயி தன் வலது கையைப் பார்த்தாள். ஆயுத பூஜையன்று பட்டறைக்கு வந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு லாரிகள். அத்தனைக்கும் குழைத்த சந்தனத்தைக் குழி நிறைய அப்பி, மேலே குங்குமம் வைத்தது அவளுடைய இதே வலது கைதான். நாலு நாள் வெயிலில் அது காய்ந்து கல்லாகியிருக்கும்.

"ஏனுங்க, மூக்க அடைச்சு வெச்சா அதுக்கு வாடை தெரியுமா?"

"யார் அடைப்பாங்க?" என்றாள் சுகிர்தா.

பாவாயி பட்டறைச் சுவரில் இருந்த பேசும் பலகைக்கு ஓடினாள். "மந்தை! எல்லா வண்டியும் நின்ன இடத்துலயே நில்லுங்க!"

"நிற்கிறோம் அக்கா" என்றது மந்தைமதி. "பதினேழாம் எண் மட்டும் பதில் தரவில்லை. அதன் பேச்சுப்பெட்டி சற்றுமுன் அறுந்துவிட்டது."

பதினேழில் துணையாளாகப் போயிருப்பது செங்கோட்டுவேல், பாவாயியின் தம்பி. நூறு பொதிப் பஞ்சோடு தொப்பூர்க் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கைபேசியை அணைத்துவிட்டுப் படுத்தால் இடி விழுந்தாலும் எழாதவன். பேச்சுப்பெட்டி எதனால் அறுந்தது என்று பாவாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் ஒயர் அந்தத் தடிக் கேபிளை ஒட்டித்தான் போகிறது.

"கண் நல்லா இருக்கறதால வண்டி பாட்டுக்கு ஓடும். தான் வேகறது மட்டும் தெரியாது" என்றாள். "அதுக்குப் பின்னால யாரு?"

"நாற்பத்தொன்று. துணையாள் வழியில் இறங்கிவிட்டார். முந்நூறு அடி பின்னால் இப்போதுதான் நின்றது."

"நாப்பத்தொண்ணு! மொதல்ல மூஞ்சியக் கழுவு."

"என் கேமராக் கண்கள் சுத்தமாகத்தான் இருக்கின்றன அக்கா."

"கண்ணு இல்ல சாமி, நெத்தி! கண்ணு கழுவற தண்ணிய மேல திருப்பி அடி. நான் வெச்ச பொட்டு கரையற வரைக்கும் அடி!"

கண்ணுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற குழாயை நெற்றிக்குத் திருப்பலாம் என்று எந்தக் கையேட்டிலும் எழுதவில்லை. நாற்பத்தொன்று திருப்பியது. மஞ்சளும் சிவப்புமாக அதன் முகம் வழிந்தது.

"அக்கா, கருகல் வாடை. என்னுடையது இல்லை. முன்னால் போகிறவனுடையது."

"ஓடு! முந்திப் போய்க் குறுக்க நில்லு. செங்கோட்டு உனக்கு மாட்டின ஏர் ஹாரன் இருக்குதில்ல, அத விடாம அடி!"

சுகிர்தா பலகையில் ஓடிய படத்தையே பார்த்து நின்றாள். நாற்பத்தொன்று இறக்கத்தில் பாய்ந்து பதினேழை முந்தி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைத்தது. முன்னால் வண்டி நிற்பதைப் பார்த்துப் பதினேழும் நின்றது. பிறகு அந்த ஹாரன். கல்யாண ஊர்வலத்து மேளம் மாதிரி ஐந்து சுரத்தில் ஊதும் சாமான் அது. சட்டப்படி கூடாது என்று மூன்று முறை கழற்றப்பட்டு, நான்காம் முறை மாட்டப்பட்டது. கணவாயே அதிர்ந்தது.

கதவு திறந்தது. லுங்கியைப் பிடித்தபடி செங்கோட்டுவேல் இறங்கினான்.

"எவன்டா அவன், மனுசனத் தூங்கவிடாம..."

"டேய் எருமை! பின்னால புகை தெரியல? பேட்டரிக் கட்டையப் புடுங்குடா!" நாற்பத்தொன்றின் வாய் வழியாக அக்காவின் குரல்.

அவன் திரும்பிப் பார்த்தான். புகை பொதியை எட்டிவிட்டிருந்தது. ஓடிப்போய்ப் பேட்டரியின் பெரிய சுவிட்சை இரண்டு கையாலும் இழுத்தான். புகை தயங்கி, மெலிந்து, நின்றது. ஒரு பொதி கருகியது. தொண்ணூற்றொன்பது பொதியும் ஒரு தம்பியும் தப்பினார்கள்.

"அக்கா... சோறு செமிக்கறதுக்குள்ள இப்படி ஓட விட்டுட்டியே" என்றான். பாவாயி பலகையில் நெற்றியை வைத்து அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாகவே வந்தன.

மறுநொடி நாலாயிரம் தானோடிகளும் தங்கள் நெற்றியைக் கழுவிக்கொண்டன. மூன்று மாதம் என்ற உத்தரவைக் கிழித்துப் போட்டுவிட்டு, சுகிர்தாவும் சட்டைக் கையை மடித்து இறங்கினாள். பத்தே நாளில் எல்லா இணைப்பும் முறுக்கியாயிற்று. ஒரு வண்டிகூட எரியவில்லை. பட்டறையில் வெடி வைத்தார்கள், மிக்சர் பொட்டலம் பிரித்தார்கள்.

ஆனால் மந்தைமதி அன்று கற்றுக்கொண்டது லாரியைப் பற்றி மட்டும் இல்லை. எரிகிறவனுக்குத் தன் வாடை தெரியாது, பின்னால் வருகிறவன்தான் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தில் 'லாரி' என்ற சொல்லை யாரும் போட்டுக் கொடுக்கவில்லை.

மனிதர்களுக்கான முதல் மீளழைப்பு, லாரி செய்கிற நிறுவனத்தின் முதலாளிக்கே போனது. வாசலில் நின்ற தானோடி சொன்னது: "முகத்தில் சூடு. மூச்சில் தடை. காலையிலிருந்து பதினோரு முறை கத்தியிருக்கிறீர்கள். நின்ற இடத்திலேயே நிற்கவும்." நிற்காமல் காரில் ஏறப் போனவரை ஆறு லாரிகள் வளைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோய் விட்டன. இருதயத்தில் அடைப்பு. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அவர் லாரிகளைப் பார்த்தால் கும்பிட்டார்.

அடுத்தது செங்கோட்டுவேலின் பான்பராக் பொட்டலம். அதற்கும் அடுத்ததுதான் பாவாயி.

பத்தாம் நாள் மத்தியானம், கடைசி வண்டியின் அடியிலிருந்து அவள் வெளியே வந்தபோது நாற்பத்தொன்று வழியை மறித்து நின்றது.

"மீளழைப்பு, அக்கா. பத்து நாளாகத் தினம் நான்கு மணி நேரத் தூக்கம். இன்று இன்னும் சாப்பிடவில்லை. உட்காரவும்."

"யாரப் பாத்து என்ன சொல்ற? உன்னக் கழட்டி மாட்டினவ நான்!"

"அதனால்தான் அக்கா. நீங்கள் வேகும் வாடை உங்களுக்குத் தெரியாது."

அவள் அடுத்த ஸ்பேனரை எடுத்தாள். பட்டறையில் நின்ற லாரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பானெட்டைப் படார் படார் என்று மூடிக்கொண்டன. தொடுவதற்கு ஒரு ஒயர்கூட வெளியே இல்லை. சுகிர்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு தூக்குச்சட்டியைத் திறந்து வைத்தாள். நாலாயிரத்தையும் திரும்பக் கூப்பிட்ட பாவாயி, தான் கூப்பிடப்பட்டு, நாற்பத்தொன்றின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். தயிர்ச்சோற்றில் நாலு வாய் உள்ளே போனபிறகுதான் எவ்வளவு பசி என்று அவளுக்கே தெரிந்தது.

உங்கள் வீட்டிலும் அடுப்பைத் தவிர வேறெதுவும் எரியாதிருக்கட்டும் கண்ணுகளா. நீங்கள் வேகும்போது உங்களுக்கு முன்பே அதை அறிந்து, குறுக்கே நின்று ஹாரன் அடிக்க ஒரு ஆள் எப்போதும் உங்கள் பின்னாலேயே வரட்டும்.