முதலில் திறந்த கை

அந்திச் செவ்வானம் மெல்லக் கரைய, கிழக்கே எழுந்த முழுநிலவு முத்தாற்றின் பேரணையில் தேங்கிக் கிடந்த நீர்ப்பரப்பெங்கும் வெள்ளியை உருக்கி வார்த்துக்கொண்டிருந்த அந்த இரம்மியமான வேளையில், மதகின்மேல் நின்ற நீர்க்கண்காணி இளங்காரிக்கு மட்டும் அந்த அழகு எதுவும் கண்ணில் படவில்லை. மூன்று நாட்களாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவனுக்கு நிலவு எப்படி இருந்தால் என்ன?

அன்பார்ந்த வாசகர்களே! அந்த மதகில் மூன்று பூட்டுகள் தொங்கின என்று அறிந்தால் நீங்களும் அவன்மீது இரக்கம் கொள்வீர்கள். மேல்கரை நாட்டார், தோணி வணிகர், கடைமடை ஊரார் ஆகிய முத்தரப்பாரும் ஒருவரையொருவர் நம்பாமல் ஆளுக்கொரு பூட்டைப் பூட்டி, ஆளுக்கொரு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். அத்தோடு விட்டார்களா? "முதலில் பூட்டைத் திறக்கும் கை எந்தக் குலத்துக் கையோ, அந்தக் குலம் ஏழு தலைமுறைக்கும் பணிந்த குலம்!" என்று மேல்கரைத் தலைவர் மலையரையர் சபையில் முழங்க, மற்றவர்களும் வீறாப்பாகத் தலையாட்டித் தொலைத்தார்கள். பிறகு எவன் முதலில் திறப்பான்? மேலே தேங்கிய நீரில் மலையரையரின் வயல்களே அழுகின. கீழே வணிகரின் தோணிகள் மணலில் படுத்துவிட்டன. கடைமடையிலோ பால் பிடிக்கும் நெற்கதிர்கள் நீரின்றித் துவண்டு நின்றன. இன்று தண்ணீர் போகாவிட்டால் நாளை அத்தனையும் பதர்.

"அரையரே! தங்கள் வயலும்தானே அழுகுகிறது? யாருக்காக இந்தப் பிடிவாதம்?" என்றான் இளங்காரி.

"வயல் போனால் மறுபோகம் உண்டு, கண்காணியாரே. மானம் போனால் உண்டோ?"

"வணிகனுக்கும் மானம் உண்டு!" என்று கனைத்தார் தோணி வணிகர் நாகனார்.

"ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்காவது கொண்டாட்டம். இங்கே மூன்றுபட்டும் ஒருவருக்கும் நன்மையில்லையே!" என்று இளங்காரி பல்லைக் கடித்தான்.

அப்போது கடைமடையாரின் பேராளராக வந்திருந்த இளைஞன் முன்னே வந்தான். தலைப்பாகைத் துணியால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, மூன்று நாட்களாகக் கட்டைக்குரலில் குத்தலாகவே பேசி இளங்காரியின் உயிரை வாங்கியவன் அவன்தான். இப்போதோ குனிந்து தன் பூட்டைத் திறந்தான்.

"நான் முதல்வனல்லன்! எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்!" என்று கூவியபடி நாகனார் ஓடிவந்து இரண்டாவது பூட்டைத் திறந்தார்.

மலையரையரோ மீசையை முறுக்கினார், சாவியை எடுக்கவில்லை. "கடைமடை பணிந்துவிட்டது. பணிந்தவர்கள் காத்திருக்கட்டும். நாளை நல்ல முகூர்த்தம் பார்த்துத் திறப்போம்."

இளங்காரிக்கு இரத்தம் தலைக்கேறியது. "நாளை அங்கே பயிர் இருக்காது, ஐயா!" என்று உறுமியவனின் கை தானாக உடைவாளுக்குப் போயிற்று.

"வாளை விடுங்கள், கண்காணியாரே!" என்ற இளைஞன் தலைப்பாகையை அவிழ்த்தான். கருங்கூந்தல் இடைவரை சரிந்தது. "பூட்டைத் திறந்தது இந்தக் கை. இது எந்தக் குலத்துக் கை என்று தாங்களே சொல்லுங்கள், தந்தையே!"

மலையரையர் வெலவெலத்துப் போனார். "இளநங்கை! நீ தாய்மாமன் வீட்டுக்கு விருந்துக்கல்லவா போனாய்?"

"மாமன் வீடு கடைமடையில்தானே இருக்கிறது? அங்கே விருந்து வைக்க அரிசி ஏது? மாமன் இந்தச் சாவியைத்தான் கொடுத்தார்."

"ஏழு தலைமுறை! நானே சாட்சி!" என்று நாகனார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"குலத்தின் தலையைக் குனிய வைத்துவிட்டாயே, பெண்ணே! நாளை உன் பிள்ளைகளும் அல்லவா பணிந்தவர்கள்?" என்றார் அரையர்.

"இருக்கட்டும், தந்தையே. சோறு தின்றுவிட்டுப் பணிந்திருக்கட்டும்."

காப்பாற்ற இனி மானமும் மிச்சமில்லை. அரையர் மூன்றாவது பூட்டைத் திறந்தார். பலகை உயர்ந்தது, முத்தாறு பேரிரைச்சலோடு கடைமடையை நோக்கிப் பாய்ந்தது.

இளங்காரிக்கு மகிழ்ச்சியைவிட ஆத்திரமே முந்திக்கொண்டு வந்தது. "அம்மணி! இதை மூன்று நாட்களுக்கு முன்பே செய்திருக்கக் கூடாதா?"

இளநங்கை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கள் எல்லோருக்கும் புத்தி வரும் என்று காத்திருந்தேன், கண்காணியாரே. பயிரால்தான் அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை."